பகவதி கட்டிக்கொடுத்த கக்கூஸ்

1

இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. மட்டாஞ்சேரியிலிருந்து எர்ணாகுளம் போகும் படகில் அங்கம்மாள் என்றொருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கதை எழுதற சார்தானே? வேண்டிக்கிட்டா சாமி கேக்குமான்னு நான் ஒண்ணு சொல்றேன், எழுதணும் கேட்டோ," என்றாள். அம்பாசமுத்திரத்துக்காரி; கொச்சிக்கு வந்து பேச்சில் மலையாளம் ஏறியவள். மட்டாஞ்சேரியில் ஒரு கிடங்கில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். எழுதித்தான் தீருவேன்.

2

முதல் தொடக்கம்: "1981. சுக்கு மணம் கமழும் மட்டாஞ்சேரித் தெருவில்..."

[அடித்துவிட்டேன். அடுத்த முறை படகில் வாசித்துக் காட்டியபோது அவள், "மணமா? ஒரு நாள் வந்து உக்காருங்க சாரே. மூக்கு எரியறப்போ தெரியும்," என்றாள்.]

இரண்டாவது தொடக்கம்: அந்தக் கிடங்கில் பெண்கள் காலையில் அரை கிளாஸ் சாயா குடிப்பார்கள். பிறகு சாயங்காலம் வரை ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. தூசியில் தொண்டை வறண்டு கிடந்தாலும் குடிக்க மாட்டார்கள். குடித்தால் போக வேண்டும். ஆண்கள் காயலோரத்துச் சுவரைப் பார்த்துப் போய்விடுவார்கள்; பெண்கள் எங்கே போவது? அவர்களில் கமலாக்ஷி என்பவள் நீர்க்கடுப்பில் சுருண்டு விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனாள்.*

இதை வைத்துக்கொள்கிறேன்.

(*கமலாக்ஷி பிழைத்துக்கொண்டாள். அவளைச் சாகடித்தால் கதைக்குக் கனம் கூடும் என்று தோன்றியது. சீ என்று விட்டுவிட்டேன்.)

3

ஒரு கக்கூஸ் கட்டித்தரச் சொல்லி முதலாளியிடம் கேட்டார்கள். "நோக்காம்" என்றார். பார்க்கலாம் என்று அர்த்தம். வருஷக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். அங்கம்மாள் பகவதியிடம் போனாள்.

சாமியிடம் போய் யாராவது கக்கூஸ் கேட்பார்களா? இவளை நம்பலாமா என்று எனக்கே சந்தேகம் வந்த இடம் இதுதான். அவளிடமே கேட்டேன்.

"அவளும் பொம்பளைதானே சாரே. இதை அவகிட்டக் கேக்காம வேற யார்கிட்டக் கேக்க?"

அத்தோடு சந்தேகம் தீர்ந்தது.

4

பதில் ஜெர்மனியிலிருந்து வந்தது. சுக்கு வாங்க வந்த ஒரு வெள்ளைக்காரம்மா கிடங்கைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கணக்குப்பிள்ளை செல்லப்பாவிடம் மெதுவாக ஒன்று கேட்டாள். செல்லப்பா முழித்தார். முதலாளியும் முழித்தார். அவள் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஹோட்டலுக்குக் கார் ஏறினாள். அடுத்த மாதம் மறுபடி வருவதாகச் சொல்லிப் போனாள்.

மறுநாளே கொத்தனார் வந்துவிட்டார். வெள்ளை ஓடு, பீங்கான், குழாய், கதவு. அங்கம்மாள் பகவதி கோயில் விளக்குக்கு எண்ணெய் வாங்கிக் கொடுத்தாள்.

வெள்ளைக்காரம்மா வந்தாள், போனாள். செல்லப்பா கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார். "இது வர்ற ஆளுங்களுக்கு உள்ளது. உங்களுக்கில்ல."

இங்கேயே முடித்தால் நல்ல நையாண்டி. பத்திரிகைக்காரர் சந்தோஷமாகப் போடுவார். ஆனால் நான் முடிக்க மாட்டேன்.

5

"பகவதி மேல கோபம் வரலையா, அங்கம்மா?"

"எதுக்கு? கேட்டதைக் கொடுத்துட்டா. பூட்டைத் திறக்கவும் அவளே வரணுமா? நமக்குக் கை கால் இல்லையா?"

கதவைப் பூட்டிய மறுநாள் காலையில் அவள் இடுப்பில் ஒரு குடம் தண்ணீரோடு வேலைக்கு வந்தாள். "குடிங்கடி. வயிறு முட்டக் குடிங்க."

எல்லாரும் குடித்தார்கள். பழக்கமில்லாததால் சிலருக்குப் புரையேறியது. குடம் காலியானதும் திரும்பப் போய் நிரப்பிக்கொண்டு வந்தாள். நேரம் ஆக ஆக ஒவ்வொருத்தியாகச் சுக்கைக் கீழே போட்டுவிட்டு எழுந்து, பூட்டிய கதவின் முன்னால் வரிசையாகப் போய் நின்றார்கள்.

முதலாளி வந்தார். வேலைக்கு உட்காராதவள் நாளை முதல் வரவேண்டாம் என்றார். கமலாக்ஷி உட்பட ஒருத்தியும் நகரவில்லை.

6

முதலாளி மனமிரங்கிச் சாவியைக் கொடுக்கச் சொல்கிறார்... [நானே நம்பமாட்டேன்.]

எல்லாரையும் வேலையை விட்டு நிறுத்துகிறார்... [நடக்கக்கூடியதுதான். நான் எழுத மாட்டேன்.]

அந்த நேரம் பார்த்து வாசலில் வெள்ளைக்காரம்மாவின் கார்... [அடச்சீ.]

உண்மையில் என்னதான் ஆயிற்று என்று அவளையே கேட்டேன். "எல்லாத்தையும் நானே சொல்லணுமா? அப்புறம் சாருக்கு என்ன வேலை?" என்று சொல்லிவிட்டுப் படகுத்துறையில் இறங்கிப் போய்விட்டாள்.

நானும் உங்களிடம் விட்டுவிடுகிறேன். செல்லப்பா முதலாளியின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். சாவி இன்னும் செல்லப்பாவின் இடுப்பில்தான் இருக்கிறது. நீங்கள் எப்படி முடித்தாலும் சரி, கொஞ்சம் சீக்கிரம் முடியுங்கள். அந்த வரிசையில் நிற்கிறவர்களால் ரொம்ப நேரம் தாங்க முடியாது.