வாசலில் நின்ற மக்னோலியா

எழுபத்தைந்தில் நாங்கள் மெல்போர்னுக்கு வந்து நோபல் பார்க்கில் எடுத்த வாடகை வீட்டின் வாசலில் ஒரு மக்னோலியா மரம் நின்றது. சாவியைக் கொடுக்கும்போது வீட்டுக்கார அம்மாள் மிஸஸ் டாய்ல், "மரத்தை மட்டும் பார்த்துக்கொள்" என்று என்னிடம்தான் சொன்னாள். சரி என்றேன்.

ஜூலைக் குளிரில் அதில் ஓர் இலைகூட இல்லை. என் கணவர் தணிகாசலம் பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி வந்துவிட்டார்.

"பட்ட மரம் வாசல்ல நிக்கக் கூடாது. வயித்துப் பிள்ளைக்காரி, தினம் இது மூஞ்சியிலயா முழிப்பே?"

"பட்டுப்போகலைங்க. குளிருக்கு இலையை உதிர்த்திருக்கு. நம்ம செண்பகத்துக்குச் சொந்தம் இது. மொட்டு விட்டிருக்கு பாருங்க. வீட்டுக்காரம்மா பார்த்துக்கச் சொன்ன மரம்ங்க." பட்டையை நகத்தால் கீறி உள்ளே இருந்த பச்சையையும் காட்டினேன்.

"பாட்டனி படிச்ச திமிரு. உள்ள போ, கஸ்தூரி."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். ரம்பத்தைப் பிடித்துக்கொண்டேன். "வயித்துல பட்டுடும், விடு" என்று அதட்டினார். விட்டுவிட்டேன். வேறு என்ன செய்ய?

மரம் சாய்ந்தது. இரண்டு கிளைகளை வாளித் தண்ணீரில் போட்டு அடுப்படியில் வைத்தேன். சில நாட்களில் உள்ளங்கை அகலத்துக்கு வெள்ளைப் பூக்கள் விரிந்தன.

"அடடா, என்ன வாசனை!" தணிகாசலம் ஒன்றைப் பறித்து முருகன் படத்துக்கு வைத்துக் கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெளியே கார் நிற்கும் சத்தம் கேட்டது. ஜன்னல் வழியே பார்த்தார். மிஸஸ் டாய்ல்.

"நீ போய்ச் சொல்லு" என்றார். "பாட்டனி படிச்சவ நீதானே."

நான்தான் போனேன்.