சாரலில் காய்ந்த சட்டை

...அதெப்படிக் காயும், சாரல் நாளில் சட்டை அதெப்படிக் காயும்? உமாராணி டீச்சர் பள்ளிக்கு வந்த டேப்லெட்டில் வீடியோவை மறுபடி பின்னுக்குத் தள்ளிப் பார்த்தாள், எட்டாம் வகுப்பு நஸீபாவும் பிரணவும் ஆவியாதல் பாடத்துக்கு எடுத்தது, இலஞ்சியில் மாடித் தகரக் கொட்டகைக்குள் ஒரு கொடி, கொடியில் சொட்டச் சொட்ட யூனிபார்ம் சட்டை, படம் ஒரு வெட்டு வெட்டுகிறது, அதே கொடியில் மடிப்புக் கலையாத சட்டை, பின்னால் குற்றாலத்து மலையே தெரியவில்லை, ஒரே மேகம்... அடப் பாவிகளா, ஊரே துணி காயாமல் அடுப்படியில் கொடி கட்டிக்கொண்டு திண்டாடுகிறது, உங்களுக்கு மட்டும் தனிச் சூரியனா? சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரிக்கிற நேரமா இது, மதியம் தென்காசியிலிருந்து கல்வி அதிகாரி வருகிறார், வீடியோ பாடம் அவருக்குப் பிடித்தால்தான் டேப்புகள் இங்கே தங்கும், இல்லாவிட்டால் வேறு பள்ளிக்குப் போய்விடும்.

நஸீபாவைக் கூப்பிட்டுக் கேட்டாள். அவள் தரையைப் பார்த்தபடி, "காயவே மாட்டேங்கு டீச்சர். அதான் இஸ்திரி போட்டுத் தொங்கவிட்டோம்" என்றாள். நிஜமாக எடுத்ததை அழித்துவிட்டார்களாம், ஐயோ, அழித்தது டேப்பின் குப்பைத்தொட்டியில் கிடக்குமே, திறந்து பார்த்தாள், இருக்கிறது, இருக்கிறது! வேகமாக ஓட்டினால் சட்டை சொட்டுகிறது, சொட்டு நிற்கிறது, இருட்டுகிறது, விடிகிறது, பிரணவ் சட்டைக் கையைப் பிடித்துப் பிழிகிறான், இன்னும் ஈரம்... இதுதானே பாடம், காற்றே தண்ணீர் குடித்து நிறைந்து நிற்கிறது, பந்தியில் வயிறு முட்டச் சாப்பிட்டவன் இன்னொரு கரண்டி சோறு வாங்குவானா? இதே சட்டையைச் சாரல் எட்டாத ஆலங்குளத்தில் காயப் போட்டால் காபி குடித்து வருவதற்குள் முறுகிவிடும், அங்கேயும் ஒன்று எடுக்கச் சொல்லி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டால், அடடா... அவளுக்கு உடம்பெல்லாம் குதித்தது, மதியம் இதைத்தான் போடப்போகிறாள், அதிகாரி என்ன சொன்னாலும் சொல்லட்டும்.

"மார்க்கு குறைச்சிருவீங்களா டீச்சர்?" என்றாள் நஸீபா. எதற்குக் குறைக்கணுமாம், கூடப் போடலாமே என்று வாய் வரை வந்தது... டேப்பைக் கையில் கொடுத்தபோது நாம் என்ன சொன்னோம், எவ்வளவு நேரத்தில் காய்ந்தது என்று எடுத்துட்டு வாங்க என்றுதானே, காயுமா என்று கேட்கவே இல்லையே. வீடியோவை மூடினாள். திரையில் மற்றக் குழுக்களின் வீடியோக்கள் வரிசையாக இருந்தன, நேற்று சந்தோஷமாகப் பார்த்து ஒவ்வொன்றுக்கும் முழு மார்க்கு போட்டிருந்தாள், ஒருவருக்குக்கூடச் சோதனை தப்பாகப் போகவில்லை, அதெப்படி?