ஆண்டவரைக் கேளு

எங்கள் வீட்டில் ஜெபம் செய்ய எனக்கு வாய்த்த ஒரே இடம் குளியலறை. தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்து வாளியில் தண்ணீர் விழவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் என் குரலை ஒளித்துக்கொண்டு இயேசப்பாவோடு பேசுவேன். "இன்னாடி அம்சா, லாரியா கழுவுற உள்ள?" என்று மாமியார் வேலம்மாள் வெளியிலிருந்து கத்துவார். மடுகரையில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை, நல்லவேளை.

மகள் கீர்த்திகா டெங்கு வந்து அரியூர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அங்கே நர்ஸாக இருக்கும் என் பள்ளித்தோழி ஜெயமணி கட்டில் பக்கத்தில் மண்டிபோட்டு ஜெபம் செய்தாள். பிள்ளை பிழைத்தது. மருந்தால் பிழைத்திருக்கலாம், நான் ஒன்றும் முட்டாள் இல்லை. ஆனால் அன்று என் மனசுக்குள் இறங்கிய அமைதியை எந்த டாக்டரும் எழுதிக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து நான் இயேசப்பாவின் பிள்ளை. வீட்டில் யாருக்கும் தெரியாது.

ஆடி மாதம் எங்கள் ஊர் மாரியம்மனுக்கு முதல் பால்குடம் எங்கள் வீட்டுடையது. அத்தைதான் தூக்குவார். தூக்கும்போது அவர்மேல் சாமி வரும். சாமி சொல்லிவிட்டால் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சாமி வேண்டாம் என்றதால் கொழுந்தனாருக்குப் பேசி முடித்த சம்பந்தம் நின்றுபோனது. கரும்புக்கொல்லையில் சாமி கைகாட்டிய இடத்தில்தான் போர் போட்டார்கள். தண்ணீரும் வந்தது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த வருடம் அத்தைக்கு மூட்டுவலி. "பெரிய மருமவ தூக்கட்டும்" என்று சொல்லிவிட்டார். அந்தப் பெரிய மருமகள் நான்தான். வெள்ளிக்கிழமை காலை பூசாரி வீட்டுக்கே வந்து காப்புக் கட்டுவார். மஞ்சள் முடிந்த அந்தக் கயிறு கையில் ஏறிவிட்டால் திருவிழா முடிகிறவரை ஊர் எல்லையைத் தாண்டக்கூடாது. நானோ இந்த வீட்டைவிட்டே போக வழி தேடிக்கொண்டிருந்தேன். அரியூரில் ஒரு சின்ன வாடகை வீடு, வாய்விட்டு ஒரு ஜெபம், அவ்வளவுதான் என் ஆசை. உரக்கடை வைத்திருக்கும் என் வீட்டுக்காரர் ராஜ்மோகனிடம் இதைப் பேச முடியாது. அம்மாவைக் கேட்காமல் செருப்புக்கூட வாங்கமாட்டார்.

ஜெயமணிக்குப் போன் போட்டேன்.

"ஆண்டவர் பேசுவாருன்னு சொல்றியே, எப்பிடிடி பேசுவாரு? எங்க அத்தைக்கு வர்ற மாதிரி ஒடம்பு ஆடுமா?"

அவள் சிரித்துவிட்டாள். "அதெல்லாம் ஆடாதுடி. நீ ஆண்டவரக் கேளு. அவ்ளோதான்."

கேட்டேன். கேட்கிறதற்கு எனக்கா சொல்லித்தர வேண்டும்? இயேசப்பா, பூசாரிக்குக் காய்ச்சல் வரட்டும். இயேசப்பா, மழை கொட்டட்டும். இயேசப்பா, எனக்குத் தீட்டாவது வரட்டும். ஒன்றும் வரவில்லை. அவரிடமிருந்து பதிலும் வரவில்லை. கோபத்தில் மறுபடி ஜெயமணியைப் பிடித்தேன்.

"தொண்ட வத்தக் கேட்டுட்டேன்டி. வாயே தொறக்க மாட்றாரு."

"நீ பேசிகினே இருந்தா அவரு எப்படி பேசுவாரு? கேளுன்னா கெஞ்சச் சொல்லலடி. காதக் குடு."

எனக்குச் சுரீரென்றது. அவள் காதைச் சொல்லியிருக்கிறாள், நான் வாயைச் சொன்னதாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். போனை வைத்தபிறகும் அவள்மேல்தான் எரிச்சல். இதை முதலிலேயே விளங்கச் சொன்னால் என்ன?

வெள்ளிக்கிழமை காலை வாசலில் பம்பை அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு குளியலறைக்குள் போய்த் தாழிட்டேன். குழாயைத் திறக்கவில்லை. வாயையும் திறக்கவில்லை. பம்பைச் சத்தம் கேட்டது, கீர்த்திகா ரிப்பனைக் காணோம் என்று அழுவது கேட்டது. அதற்குமேல் என் மனசு வேறு, ஓடு, ஓடிவிடு என்று கத்திக்கொண்டிருந்தது. அதையும் கத்தி ஓயட்டும் என்று விட்டேன். அது ஓய்ந்த இடத்தில் ஒன்று கேட்டது. காதில் இல்லை. ஆனால் கேட்டது.

போய்ச் சொல்லு.

என் மனசு இத்தனை நாளும் எனக்கு ஓடவும் ஒளியவும்தான் சொல்லிக் கொடுத்திருக்கிறது. இப்படியொரு யோசனை அதற்குத் தோன்றவே தோன்றாது. அதனால்தான் இது அவர் என்று நம்பினேன்.

வாசலில் பூசாரி குழந்தைவேல் கயிற்றோடு நின்றார். அத்தை என் கையைப் பிடித்து அவர்முன் நீட்டினார்.

"அத்த, நான் காப்பு கட்டிக்க மாட்டேன். நான் இயேசப்பாவ கும்புடறேன்."

பம்பை நின்றது. ராஜ்மோகன் முகம் வெளுத்துப்போய், "உள்ள போடி, மானத்த வாங்காத" என்றார். அத்தை மட்டும் என் கையை விடவில்லை.

"எத்தினி நாளா?"

"கீர்த்தி ஆஸ்பத்திரியில இருந்ததுலேர்ந்து."

"இத்தினி நாளு வாய மூடிகினு இருந்துட்டு இப்ப சொல்ற. யாரு சொல்லச் சொன்னது?"

"அவருதான் அத்த. இப்பதான் கேட்டேன்."

அத்தை என் முகத்தையே பார்த்தார். நான் பொய் சொன்னால் எப்போதும் கண்டுபிடித்துவிடுகிற பார்வை அது. பிறகு என் கையை விட்டுவிட்டு, தன் கையைப் பூசாரியிடம் நீட்டினார். "எனக்கே கட்டுய்யா. சாமி சொல்லச் சொன்னத அவ சொல்லிட்டா. மறைச்சிகினு வந்து கொடத்த தூக்கியிருந்தாதான் குத்தம்."

அந்த முட்டியை வைத்துக்கொண்டு எப்படிப் பால்குடம் தூக்கப்போகிறார் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. கயிறு கட்டி முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். மெதுவாகத்தான் கேட்டார்.

"வேற இன்னா சொல்லிச்சி உன் சாமி? இந்த வூட்ட வுட்டுப் போவச் சொல்லிச்சா? சொல்லியிருந்தா சொல்லுடி. சாமி வார்த்தைக்கு நான் குறுக்க நிக்க மாட்டேன்."

ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும். ராஜ்மோகனால்கூட வாய் திறக்க முடியாது. மத்தியானத்துக்குள் நானும் கீர்த்திகாவும் அரியூருக்கு பஸ் ஏறிவிடலாம். அத்தனை ஆசையாக இருந்தது. கண்ணை மூடி இன்னொரு தடவை காது கொடுத்துப் பார்த்தேன். கெஞ்சவில்லை, சத்தியமாகக் காதைத்தான் கொடுத்தேன். ஒன்றும் இல்லை.

"இல்ல அத்த" என்றேன். "அத அவரு சொல்லல."

"அப்ப இன்னாத்துக்கு வாசல்ல நிக்கற?" என்றார் அத்தை. "உள்ள போ."

உள்ளே போனேன்.