உறையாத தேன்

தேன்கடைக்காரருடைய மகள் மூன்று நாளைக்கு ஒரு நாள் வேறொருத்தியாக இருந்தாள். அதே முகம், அதே பள்ளிக்கூடப் பை, இடது புருவத்தில் அதே தழும்பு. ஆள் மட்டும் வேறு. மற்ற இரண்டு நாளும் அவள் வீட்டை இரண்டாக்குகிற பிள்ளை. பன்னிரண்டு வயதுக்கே கரகரத்த குரல், தலை வார விடமாட்டாள், தட்டில் எது விழுந்தாலும் அதற்கு ஒரு குறை, அப்பாவை "நீ, வா, போ" என்றுதான் பேசுவாள். மூன்றாம் நாள் எழுந்து வருகிறவளோ படுக்கையைத் தானே மடித்து வைப்பாள், "நீங்க" என்பாள், எதைச் சொன்னாலும் "சரிப்பா" என்பாள். அன்றைக்கு மட்டும் அவள் தலையணை வரைக்கும் எறும்பு சாரை சாரையாக ஏறும். அம்மாக்காரி கட்டில் கால்களுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணங்களை வைத்தாள். அவளைப் பொறுத்தவரை விஷயம் அதோடு முடிந்தது. "இப்பத்தான் பொண்ணுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருக்கு. நீங்க ஒண்ணும் கண்ணு வைக்காதீங்க" என்று கணவரிடம் சொன்னாள்.

அவர்தான் நாள்களை எண்ணிப் பார்த்தார். அந்த வருடம் மலையில் பூ பூக்கவில்லை. தேன் எடுப்பவர் வழக்கமாகக் கொண்டுவரும் மூன்று டின்னுக்குப் பதில் இரண்டைத்தான் இறக்கிவிட்டுப் போனார். வாசலில் வாடிக்கைக்காரர்கள் பாட்டிலும் கையுமாக நின்றார்கள். ஒரு மத்தியானம் கடையைச் சாத்திவிட்டு, இரண்டு பங்கு தேனுக்கு ஒரு பங்கு சர்க்கரைப் பாகை ஊற்றி, நீளக் கரண்டியால் நிதானமாகக் கலக்கினார். தண்ணீர் குடிக்க வந்த மகள் அதைப் பார்த்துவிட்டாள். "இது திருட்டுத்தனம் இல்லியாப்பா?" என்று கேட்டாள். "இந்த ஒரு தடவதான் கண்ணு" என்றார். அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உள்ளே போனாள். மூன்றாம் நாள் காலையில் முதல் "சரிப்பா" வந்தது.

தெரு அவருக்கு வைத்திருந்த பெயர் தீக்குச்சி. யார் தேன் வாங்க வந்தாலும் ஒரு குச்சியின் மருந்து முனையைத் தேனில் முக்கி எடுத்து, பெட்டியில் உரசிக் காட்டுவார். பக்கென்று பற்றும். கலப்படமாக இருந்தால் பற்றுமா என்று கேட்பார், எல்லாரும் தலையாட்டுவார்கள். கெட்டியாகக் காய்ச்சிய பாகில் முக்கினாலும் குச்சி பற்றத்தான் செய்யும் என்பது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ஊரை நம்பவைக்க இத்தனை வித்தை வைத்திருந்த மனிதருக்கு, சொந்த மகள் மூன்றாம் நாள் எங்கே போகிறாள் என்று கண்டுபிடிக்க ஒரு வித்தையும் கைகொடுக்கவில்லை. மறுநாள் திரும்பி வந்தவளையே கேட்டுப் பார்த்தார். "நேத்தா? நேத்துன்னு ஒண்ணு இருந்த மாதிரியே இல்லப்பா. வாய் மட்டும் திகட்டுது" என்றாள்.

மறு வருடம் மலை பூத்தது. அவர் அசல் தேனை மட்டும் ஊற்றிக் கொடுத்தார். மகள் ஒரு மாதம் முழுக்க மகளாகவே இருந்தாள், வீட்டில் சண்டைக்குப் பஞ்சமில்லை, அவர் அத்தனை சந்தோஷமாக இருந்ததைத் தெரு பார்த்ததில்லை. பிறகு பனிக்காலம் வந்தது. குளிரில் நல்ல தேன் எல்லாம் என்ன செய்யுமோ அதையே அந்தத் தேனும் செய்தது: அடியில் குருணை கட்டி, வெளுத்து உறைந்தது. பாட்டில்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. "சக்கரையக் கொட்டிக் குடுத்திருக்கீங்களே, நல்லா இருக்கா இது? போன வருஷத் தேன் இன்னும் கண்ணாடி மாதிரி இருக்கு வீட்டுல" என்று முகத்துக்கு நேரே கேட்டார்கள். உறைவதுதான் அசல் என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னார். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மறுபடியும் பாகு காய்ச்சினார். முதலில் பாதிக்குப் பாதி. மகள் ஒன்றுவிட்டு ஒரு நாள் வந்தாள். அடுத்த வருடம் ஒன்றுக்கு இரண்டு. அதற்கடுத்த வருடம் அளப்பதையே விட்டுவிட்டார்.

பதினாறு வயதில் அவள் குளிர்ந்த காலைகளில் மட்டும்தான் வந்தாள். எழுந்ததும் முகம் சுளித்திருக்கும், குரல் கரகரக்கும். அம்மாக்காரி அதைச் சளி என்று நினைத்து, அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்காரவைப்பாள். உறைந்த பாட்டிலை அவர் வெந்நீரில் இறக்கித் தெளியவைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. அரைமணி நேரத்தில் கரகரப்பு கரைந்து, "வேற ஏதாவது வேலை இருக்காம்மா?" என்று எழுந்துவிடுவாள். அதனால் அவர் ஜன்னல்களைத் திறந்து வைக்க ஆரம்பித்தார். மகளைப் பார்க்கக் குளிரை எதிர்பார்த்துக் காத்திருந்தார். வீடே தும்மியது.

அந்த வருடத்தின் மிகக் குளிர்ந்த காலையில் அவள் நேராக அவரிடம் வந்து கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

"எத்தன நாள் ஆச்சுப்பா?"

"நாப்பது."

"இனிமே வரமுடியும்னு தோணல. கலக்குறத நிறுத்து. வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொல்லிடு. நீ சொல்லிட்டேன்னா நான் இருந்துடுவேன்."

சொல்கிறேன் என்றார். மனதாரத்தான் சொன்னார். ஆனால் அவளுக்கென்று அவர் ஒளித்து வைத்திருந்த ஒரே ஒரு அசல் பாட்டிலை, முந்தின வாரம் விஷயம் தெரியாமல் மனைவி தெருக்கோடித் தையல்காரருக்கு விற்றிருந்தாள். அது உறைந்துவிட்டது. அதே காலையில் தையல்காரர் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தெருவையே கூட்டி வந்திருந்தார். "தீக்குச்சி நம்மள ஏமாத்திட்டாரு" என்று வாசலில் ஒரே கூச்சல். அவர் வாய் திறப்பதற்குள் மகள் நிலைப்படியில் வந்து நின்று, "ஏமாத்துனது எதுல தெரியுமா? நான் சொல்றேன்" என்றாள். அந்தக் கரகரத்த குரலைக் கேட்டு எல்லா முகங்களும் அவள் பக்கம் திரும்பின.

அவர் அவள் தோளில் கை வைத்தார். "புள்ளைக்கு உடம்பு சரியில்ல" என்று கூட்டத்திடம் சொல்லி உள்ளே கூட்டிப் போனார். முக்காலியை அவரே இழுத்துப் போட்டார். அடுப்பில் இன்னொரு விறகை அவரே வைத்தார். அவள் திமிறவில்லை. "அப்பா" என்றாள். அவர் அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு முறை "அப்பா" என்று கேட்டது, மெதுவாக, கரகரப்பு இல்லாமல். "நீங்க போங்கப்பா. கடையில ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கிறாங்க."

அவர் போனார். பாகு கலந்த தெளிந்த பாட்டில் ஒன்றைத் திறந்து குச்சியை முக்கி உரசினார். பற்றியது. தையல்காரரே இரண்டு பாட்டில் வாங்கிப் போனார்.

அதன் பிறகு எத்தனையோ பனிக்காலம் வந்து போனது. கடைத் தேனும் உறையவில்லை, மகளும் உறையவில்லை. இப்படி ஒரு பெண் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். கட்டில் கால்களுக்கு அடியில் இருக்கும் கிண்ணங்களுக்கு அவளே தினமும் தண்ணீர் மாற்றினாள். குளிர் இறங்குகிற காலைகளில் அவர் எழுந்து ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்து வைப்பார். அவள் பின்னாலேயே வந்து, "சளி பிடிக்கும்ப்பா உங்களுக்கு" என்று ஒவ்வொன்றாகச் சாத்துவாள்.