கண்ணாடிமேல் குப்புற வைத்த படம்

1

மாரிக்கண்ணன் எழுந்தான். குடத்தில் தண்ணீர் பிடித்தான். இரண்டு தோசை ஊற்றினான். மகள் ஓவியாவுக்குத் தலை பின்னினான். சடை கோணலாக வந்தது. அவிழ்த்தான். மறுபடி பின்னினான். பள்ளிக்கூட ஆட்டோ ஹாரன் அடித்தது.

(இந்தக் கதை, 2007இல் ஒரு பிரிண்டர் வாங்கப் போனதில் பிறந்தது. போனது நான். 'நான்' என்று தொடங்கினால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. அதனால் மாரிக்கண்ணன்.)

2

அவன் மனைவி பானுப்பிரியா போன ஐப்பசியில் இறந்தாள். ஊர் சிவகாசி என்றதும் வெடிவிபத்து என்று நினைப்பீர்கள். அப்படியும் ஒரு தொடக்கம் எழுதினேன்: 'தாயில்பட்டிப் பக்கம் புகை எழும்பியபோது...' அடித்துவிட்டேன். காய்ச்சல்தான்.

அவள் தனியாக இருக்கும் படம் ஒன்றே ஒன்று, உள்ளங்கை அளவு. மாமனார் ஆசையாக அதை ஸ்டூடியோவில் கொடுத்துப் பெரிதாக்கி, மாலை போட்டு மாட்டினார். முகத்தை வெளுப்பாக்கியிருந்தார்கள். ஓவியா நிமிர்ந்து பார்த்து, இது யாரென்று கேட்டாள். இப்படியே விட்டால் பிள்ளைக்கு நாளைக்கு இதுதான் அம்மா முகம் என்றாகிவிடும்.

3

அவனுக்கு வேலை ஆப்செட் அச்சகத்தில், கம்ப்யூட்டரில் கலர் திருத்துவது. ஊரே லட்சக்கணக்கில் காலண்டர் அடிக்கிறது. ஒற்றைப் படத்துக்கு யார் அச்சுப் பிளேட் போடுவார்கள்? வீட்டுக்கே பிரிண்டர் வாங்கப் போவதாகச் சொன்னதும் மிஷின்மேன் உக்கிரபாண்டி சிரித்தார்.

"ஏலே, எங்களுக்குப் போட்டியா கம்பெனி ஆரம்பிக்கியா?"

(அவரை வில்லனாக்கலாமென்று இருந்தேன். போட்டோவுக்கு எந்தத் தாள் நல்லதென்று அவரே சொல்லி அனுப்பிக் கெடுத்துவிட்டார்.)

4

ஓவியாவையும் கூட்டிக்கொண்டு விருதுநகர்க் கடைக்குப் போனான். இரண்டு பிரிண்டர்கள் இருந்தன. இரண்டுமே ஸ்கேன், காப்பி, பிரிண்ட் மூன்றும் செய்யும். பெரியதில் ஆறு நிற மை, போட்டோவுக்கென்றே வந்தது. சின்னதில் நாலு மை.

மாரிக்கண்ணன் சட்டைப்பையிலிருந்து படத்தையும், அச்சுப் புள்ளி பார்க்கும் லென்ஸையும் எடுத்தான். பெரியதில் ஸ்கேன் செய்து, கடைக் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தான். கை தானாக ஓடியது. நிழலைக் குறைத்தான். கன்னத்தில் மெஜந்தாச் சிவப்பு ஏற்றினான். நெற்றித் தழும்பை அழித்தான். காலண்டர் முகங்களுக்குத் தினமும் செய்வதுதான். லென்ஸ் வைத்தாலும் புள்ளி தெரியாத படம் வந்தது.

ஓவியா பார்த்தாள்.

"இது காலண்டர் அக்கா."

ஸ்டூடியோக்காரனை அத்தனை திட்டியவன், தானும் அதே

(இந்த வாக்கியம் இங்கேயே நிற்கட்டும்.)

கடைக்காரர் செல்லச்சாமி பெரிய மிஷினைத் திறந்து பழைய படத்தை எடுத்தார். அதைச் சின்ன மிஷினின் கண்ணாடிமேல் குப்புற வைத்து, காப்பி பொத்தானை அமுக்கினார். கொஞ்சம் மங்கல். ஓரத்தில் ஒரு கோடு. கறுத்த முகம், நெற்றித் தழும்பு, ஒரு பக்கம் ஏறிய சிரிப்பு. மை காயும் முன்பே ஓவியா தழும்பில் விரல் வைத்துவிட்டாள்.

"இதுதான்ப்பா அம்மா."

5

சின்னதை வாங்கினார்கள். விரல் பட்டு மை கலைந்த காப்பிதான் வீட்டில் ஒட்டியிருக்கிறது. ஓவியா தன் உள்ளங்கையையும் காப்பி எடுத்துப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறாள். மாலை போட்ட படத்தை என்ன செய்தான் என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை மாமனார் வருகிறார். கழற்றுவதா, இருக்கட்டுமா, நீங்களே முடிவு செய்யுங்கள்.

பானு கடைசியாகச் சொன்னதை மட்டும் உங்களிடம் விடமாட்டேன். 'பிள்ளையைப் பாத்துக்கோங்க' என்று முதலில் எழுதினேன். பொருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் அவள் அதைச் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டிய காலை, மாரிக்கண்ணன் முதல்முறையாக ஓவியாவுக்குத் தலை பின்னினான். அவிழ்த்தான். மறுபடி பின்னினான். மறுபடி அவிழ்க்கப் போனான். கட்டிலில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருந்தவள், பிறகு பேசவே முடியாமல் போனவள், சொன்னது இது:

"கோணலா இருந்தா இருக்கட்டும். பிள்ளைக்கு நேரமாச்சுல்ல, விடுங்க."