சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் கேட்ட குரல்

வேதியியல் விரிவுரையாளர் ஆய்விதழின் பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போட்ட செவ்வாய்க்கிழமை மதியத்திலிருந்து, தன் கண்டுபிடிப்பைப் பற்றி அவர் பேசிய எதுவும் அந்த இதழுக்குச் சந்தா கட்டாதவர்கள் காதில் விழவில்லை. படிவத்தை அவர் படிக்கவில்லை. நாங்களும் படித்ததில்லை, படிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிற எங்கள் கல்லூரியில் யாரும் படிக்காத ஒரே காகிதம் அதுதான். வெயில், தக்காளி விலை என்று பேசினால் அவர் குரல் எல்லோருக்கும் கேட்டது. மூன்று தெருக்களின் பழைய குழாய்களிலிருந்து குடிநீரில் ஈயம் கலக்கிறது என்று ஆரம்பித்தால் உதடுகள் அசையும், சத்தம் வராது. எழுதிக் காட்டினால் தாள் வெள்ளையாகவே இருந்தது.

அந்த மூன்றில் ஒரு தெருவில்தான் அவருடைய தங்கை எட்டு மாதக் குழந்தையோடு இருந்தாள். பால்பவுடரைக் குழாய்த் தண்ணீரில்தான் கரைத்தாள். அக்கா தினமும் வேலை முடிந்ததும் போய்ச் சமையலறையில் நின்று சொல்வார், மாடிப்படியில் உட்கார்ந்து சொல்வார். நான்காம் நாள், பிடித்து வைத்திருந்த தண்ணீரையெல்லாம் பாத்திரம் கழுவும் தொட்டியில் கவிழ்த்தார். "மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடுற. இப்ப தண்ணியையும் கொட்டுற. என் மேல என்னக்கா கோவம் உனக்கு?" என்றாள் தங்கை. அதன்பிறகு சங்கிலியை மாட்டிக்கொண்டுதான் கதவைத் திறந்தாள். அக்கா கதவிடுக்கில் வாய் வைத்துச் சொல்லிவிட்டுப் போவார்.

துறைத்தலைவருக்கு எல்லாம் நன்றாகவே கேட்டது. கல்லூரி நூலகம் சந்தா கட்டியிருந்தது. பணம் கட்டாமல் யாரும் படிக்கக்கூடிய பொதுக் களஞ்சியத்தில் கட்டுரையைப் போட்டுவிடட்டுமா என்று விரிவுரையாளர் கேட்டபோது, தலைவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி யோசித்தார். போட்டால் இதழ் கட்டுரையை நீக்கிவிடும். இணைப் பேராசிரியர் பதவிக்கு மூன்று கட்டுரை வேண்டும்; இது மூன்றாவது. மதிப்பீட்டுக் குழு எதையும் படிக்காது, எண்ணும். "பன்னெண்டு வருஷம் காத்திருந்தாச்சு. கேக்கலைன்னா என்னம்மா, எண்ணிக்கையில வருதுல்ல?" என்றார். கெட்டவர் அல்ல. எங்களில் பாதிப் பேர் அதையேதான் சொல்லியிருப்போம். மீதிப் பேர் கூட்டம் இருக்கிறது என்று நழுவியிருப்போம்.

பதினொன்றாம் நாள் மாலை நான்கரைக்கு விரிவுரையாளர் கட்டுரையைக் களஞ்சியத்தில் ஏற்றினார். அதே நொடியில், ஊரின் மறுகோடியில் தங்கை வீட்டில், அவர் அதுவரை சொன்னதெல்லாம் ஒன்றாகக் கேட்டது. அடுப்புப் பக்கம் ஒரு அக்கா பொறுமையாக விளக்கினாள். மாடிப்படியில் ஒருத்தி அழுதாள். கதவிடுக்கில் ஏழெட்டுப் பேர் ஒருவர் மேல் ஒருவராகக் கெஞ்சினார்கள். அங்கே ஆளே இல்லை. தங்கை ஒவ்வொரு இடமாகப் போய் நின்று முழுக்கக் கேட்டாள். பிறகு குழந்தையின் வாயிலிருந்து பால்புட்டியை எடுத்தாள்.

பதவி வேறொருவருக்குப் போயிற்று. குழாய்களை மாற்ற நான்கு வருடம் ஆனது. அதற்கப்புறமும் குரல்கள் நிற்கவில்லை. சமைக்கிற நேரத்தில் "கொஞ்சம் மெதுவாப் பேசுக்கா" என்று சுவரைப் பார்த்துச் சொல்லத் தங்கை பழகிக்கொண்டாள். பையனுக்கு இப்போது ஒன்பது வயது. பெரியம்மாவின் குரல் கேட்காத வீடுகளில் அவன் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை.