நெஞ்சில் இறங்கிய ஜாக்கி கம்பி

கரப்பான்பூச்சியைக் கண்டால் மேஜைமேல் ஏறிக்கொள்ளும் ஆள் மெக்கானிக். அப்பேர்ப்பட்டவர்தான் செவ்வாய்க்கிழமை மதியம் ஜாக்கி கம்பியைத் தூக்கித் தங்கை புருஷனின் நெஞ்சில் இறக்கினார்.

அன்று காலை பார்க்கப் போனபோது தங்கையின் கன்னம் வீங்கி, ஒரு கண் பாதி மூடியிருந்தது. கதவில் இடித்துக்கொண்டாளாம். எந்தக் கதவுக்கு ஐந்து விரல் என்று அவர் கேட்கவில்லை. நேராகப் பட்டறைக்கு வந்தார். லாரியை பிரேக் பார்க்க விட்டுவிட்டு, மாப்பிள்ளை பல் குத்திக்கொண்டிருந்தான்.

"உங்க தங்கச்சிக்கு வாய் கொஞ்சம் நீளம், மச்சான்..."

பேச்சு முடியுமுன் கம்பி நடுநெஞ்சில் விழுந்தது. காலி டிரம்மை உதைத்தாற்போல ஒரு சத்தம். டயர் குவியலில் சரிந்தவன் எழுந்துவந்து மெக்கானிக்கின் தலைமுடியைப் பிடித்து பானெட்டில் மோதினான். ஒரு பல் போனது. மூக்கு உடைந்தது. இருவரும் கிரீஸில் கட்டிப் புரண்டு, மூச்சு வாங்கி, கடைசியில் ஒரே குழாயில் வரிசையாக முகம் கழுவினார்கள். குடும்ப மானம் கப்பலேறக் கூடாதென்று மூவரும் வாயைப் பூட்டிக்கொண்டார்கள்.

வியாழக்கிழமை காலை அவனால் லாரியில் ஏற முடியவில்லை. முகம் சாம்பல் பூத்து, கழுத்து நரம்பு கயிறாகப் புடைத்திருந்தது. தங்கையும் மெக்கானிக்கும் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள். அங்கே சட்டைப் பட்டனை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயுத் தொல்லை என்றான். எங்காவது அடிபட்டதா என்று டாக்டரம்மா இரண்டு முறை கேட்டார். இல்லவே இல்லை என்றாள் தங்கை. வாயுவுக்கு ஊசி போட்டார்கள்.

அரை மணியில் அவன் உதடு நீலமானது. பேச்சுக் குழறியது.

தங்கை அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டாள். "சொல்லிடாதே அண்ணா. உன்னை உள்ளே தள்ளிடுவாங்க."

மெக்கானிக் வாய் திறந்தார். பல் போன இடுக்கு வழியாகக் காற்றுதான் முதலில் வந்தது.

"நான்தான் அடிச்சேன் டாக்டரம்மா. ஜாக்கி கம்பியால. நெஞ்சுல."

டாக்டரம்மா சட்டையைக் கிழித்தார். உள்ளே கத்தரிக்காய் நிறத்தில் கம்பியின் அச்சு. இதயத்தைச் சுற்றியுள்ள பைக்குள் ரத்தம் கசிந்து சேர்ந்திருக்கிறது, அது நெருக்குவதால் இதயம் விரிய முடியவில்லை என்றார். நீள ஊசியை விலா எலும்புக்குக் கீழே செருகினார். கருஞ்சிவப்பாக ரத்தம் வந்தது. ஒரு ஊசிக்குழாய் நிறைந்தது, இரண்டாவதும் நிறைந்தது. மூன்றாவதில் அவன் பெரிதாக மூச்சிழுத்து, இருமி, மெக்கானிக்கைத் திட்டினான். அவ்வளவு இனிமையான கெட்ட வார்த்தையை மெக்கானிக் ஆயுளில் கேட்டதில்லை. நின்ற இடத்திலேயே விம்மி அழுதார்.

போலீஸ்காரர் வந்தார். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினார். எத்தனை அடி? ஒன்று. எதற்காக? மெக்கானிக் தங்கையின் கன்னத்தைக் காட்டினார். போலீஸ்காரருக்கும் மனசு இளகியிருக்க வேண்டும். "சும்மா மிரட்டத்தானே கம்பியை ஓங்கினே? கை தவறிப் பட்டுருச்சு, இல்லே?" என்று எடுத்தே கொடுத்தார்.

தங்கை வேகமாகத் தலையாட்டினாள். ஆனால் உண்மை பேசத் தொடங்கிய வாய்க்கு பிரேக் கிடையாது. பிரேக் மெக்கானிக்கின் வாயானாலும் அப்படித்தான்.

"இல்லீங்க," என்றார் அவர். "அந்த நிமிஷம் அவன் செத்துப் போகணும்னுதான் அடிச்சேன்."

போலீஸ்காரர் பேனாவைத் தூக்கிப் பிடித்தபடி தங்கையைப் பார்த்தார். அவள் அண்ணனின் கையை விடவில்லை.

"எழுதிக்கோங்க," என்றாள்.